வெண்ணெய்க் கெண்டி ஏந்திய ஆர்டிஸ் நடிகரைக் கண்ட படலம்

வாழி ஆர்டிஸ்! நாற்பத்திரண்டு கறவைப் பசுக்களின் நாயகியே, முழங்கால்வரை பனி கிடந்த நாளிலும் முகம் சுளிக்காமல் தொழுவம் புகுந்த தொழிலரசியே, டொலஃப்ஸன் குடிக்கு வாழ்க்கைப்பட்டு முப்பத்தொன்பது ஆண்டுகளாகியும் பால்விலை தவிர வேறெதைப் பற்றியும் வாய்விட்டுப் புலம்பியறியாத பொறைக்குன்றே! உன் வலக்கை பற்றிய கெண்டி வாழி, அக்கெண்டிக்குள் தளதளவென்று மின்னிய உருக்கு வெண்ணெய் வாழி, கோழிப்படம் போட்டு உன் இடையைச் சுற்றிக் கிடந்த ஏப்ரனும் வாழி, வாழி! அன்று நீ பட்ட பாட்டை நான் பாடாமல் விட்டால் வேறு யார் பாடப்போகிறார்கள்? எங்கள் ஊர்க்காரர்கள் வாயைத் திறந்தால் வானிலையைத் தவிர வேறொன்றும் வராது.

தேவாலயத்துக் கீழ்க்கூடத்தில் வீற்றிருந்து ஒரே மூச்சில் நூறு கோப்பைக் காபி சுரக்கும் அலுமினியப் பெருங்கலமே, இப்பாட்டுக்கு நீயே காப்பு. உன் அடிவயிற்றில் புரளும் கொதிப்பில் ஒரு கரண்டி என் நாவுக்கும் தந்தருள்வாய். கற்றறிந்த அவையோரே, களத்தில் ஆயிரம் யானையை வீழ்த்தியவர்களைப் பாடிப் பழகிய மொழியில், மீன் விருந்துக்கு வந்த ஒருவருக்கு வெண்ணெய் ஊற்றப்போன ஒருத்தியைப் பாட வந்திருக்கிறேன். என் பாட்டில் தேர் இல்லை, யானை இல்லை. ஒரு வாடகைக் கார் உண்டு, அதுவும் கடைசியில்தான் வரும்.

மினசோட்டா நாட்டில், உறைந்த ஏரிமேல் லாரி ஓட்டிப்போய்த் துளையிட்டு மீன்பிடிக்கும் மாந்தர் வாழும் ஸ்வான்டால் என்னும் பதியில், டிசம்பர் மாதத்து முதற் சனிக்கிழமை நண்பகலில், லூட்டஃபிஸ்க் விருந்து நடப்பது தொன்றுதொட்டு வந்த வழக்கம். உலர்ந்து விறகாய்க் கிடக்கும் கடல்மீனைக் காரநீரில் பலநாள் ஊறப்போட்டு, நல்ல நீரில் பலநாள் அலசி, அவித்துத் தட்டில் இட்டால், அது கண்ணாடிபோல் வெளுத்து, தொட்டால் துள்ளி, மூக்கை இரண்டடி பின்வாங்க வைக்கும். அதைத் தொண்டைக்குள் இறக்க வல்ல பொருள் ஒன்றே ஒன்றுதான். அது உருக்கிய வெண்ணெய்.

அந்த வெண்ணெயைப் பரிமாறும் பதவி இருபத்திரண்டு ஆண்டுகளாக ஆர்டிஸிடம் இருந்தது. ஆனால் அந்த ஆண்டு அவள் உள்ளத்தில் வெண்ணெயும் இல்லை, மீனும் இல்லை. கர்ட் ஓஸ்ட்லி வருகிறார்!

யார் இந்தக் கர்ட் ஓஸ்ட்லி என்று கேட்பவர்கள் தொலைக்காட்சிப் பெட்டி இல்லாத வீட்டில் பிறந்தவர்கள். பதினோரு ஆண்டுகள் வியாழக்கிழமைதோறும் மாலை ஏழு மணிக்கு, கால்நடை மருத்துவர் ஹாலிஸ் பிராண்ட் என்னும் வேடந்தாங்கி, வாரம் ஒரு மாட்டுக்குப் பிரசவம் பார்த்து, வாரம் ஒரு கொலைகாரனைக் கையும் களவுமாகப் பிடித்து, இரண்டையும் விளம்பரம் போக நாற்பத்து மூன்றே நிமிடத்தில் முடித்துக் கைகழுவிய மாவீரர் அவர். பிறந்தது எங்களுக்கு இருபது மைல் தள்ளியிருந்த ஊரில்தான். இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் கலிபோர்னியாவுக்குப் போனவர், தாயார் மறைந்தபின் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை.

மற்ற நாடகங்களில் நடிகர்கள் பசுவின் பக்கத்தில் நிற்கும் அழகைப் பார்த்தாலே ஆர்டிஸுக்குப் பற்றிக்கொண்டு வரும். பின்னங்காலுக்கு நேரே போய் நின்றுகொண்டு வசனம் பேசுவார்கள். ஆனால் நான்காம் ஆண்டில் ஒருநாள், கால்மடங்கிக் குறுக்கே கிடந்த கன்றைப் பிராண்ட் தோள்வரை கைவிட்டுத் தேடி, கூர்குளம்பு தாயின் கருப்பையைக் கிழித்துவிடாதபடி அதை உள்ளங்கைக்குள் பொத்தி, மெல்ல நிமிர்த்தி, பசு முக்கும்போது மட்டும் இழுத்து, முக்காதபோது கூடவே ஓய்ந்து நின்றார். ஆர்டிஸ் கையிலிருந்த பின்னல்வேலை நழுவி விழுந்தது. “ஏங்க, இந்தாளுக்குத் தெரியுதுங்க” என்றாள் கணவன் வெர்லினிடம். வெர்லின் பார்த்துவிட்டு, “ஆமா, தெரியுது” என்றார். அந்த வீட்டில் அந்த மாதத்தில் நடந்த மிக நீண்ட உரையாடல் அதுதான்.

பிறகு ஒரு குளிர்காலத்தில் வெர்லினின் நெஞ்சைப் பிளந்து இரத்தக்குழாயை மாற்றி வைத்தார்கள். நாற்பது நாள் பெரிய ஆஸ்பத்திரியின் காத்திருப்புக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள் ஆர்டிஸ். அங்கே தினமும் பிற்பகல் நான்கு மணிக்குப் பழைய பகுதிகளை மறுபடி போட்டார்கள். அந்த ஒரு மணி நேரம் மட்டும் அவள் பின்னல்வேலை தடையின்றி ஓடியது. வெர்லின் பிழைத்து எழுந்து வீட்டுக்கு வந்தபின், ஆஸ்பத்திரிக்கு ஒரு பெட்டி பாலாடைக்கட்டி, நர்ஸுகளுக்குக் கையுறை, போதகருக்கு ஒரு கேக் என்று எல்லோருக்கும் நன்றிக்கடன் செலுத்தினாள். ஒருவர் மட்டும் பாக்கி. அவருக்கு ஒரே ஒரு நன்றியை நேரில், வாயால் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்; அது ஆறு ஆண்டுகளாக அவள் நெஞ்சில் முள்ளாய் நின்றது.

இப்படியிருக்க, முந்தின ஞாயிற்றுக்கிழமை வழிபாடு முடிந்து கோட்டு மாட்டும்போது, கர்ட்டின் பெரியம்மா பெர்னிஸ், எண்பத்து நாலு வயது, பொத்தானைப் பார்த்துக்கொண்டே, “சனிக்கிழமை சாப்பாட்டுக்கு என் தங்கச்சி மவன் வந்தாலும் வருவான். வராமயும் போவலாம்” என்றாள். சுற்றி நின்றவர்கள் “ஓ, அப்படியா” என்றார்கள். வீட்டுக்குப் போகும் வழியில் பதினாறு கார்களுக்குள் என்னென்ன கூச்சல் எழுந்ததென்று கார்க் கண்ணாடிகளுக்குத்தான் தெரியும்.

ஆர்டிஸ் ஆறு நாள் ஒத்திகை பார்த்தாள். பால் கறக்கும் வேளையில், இயந்திரம் இசை முழக்க, இரு வரிசையாய் நின்ற நாற்பத்திரண்டு பசுக்கள் அவையோராய் அமைய, நடுவழியில் நிமிர்ந்து நின்று, கையை உயர்த்தி முழங்கினாள்: “கன்றுகளின் காவலரே! குளம்பைப் பொத்திய குணக்குன்றே! என் கணவரின் நெஞ்சு திறந்துகிடந்த நாற்பது நாளும், ஆறுதல் சொல்ல ஆளின்றி அமர்ந்திருந்த எனக்கு, மாலைதோறும் வந்து துணையிருந்த மாண்பினரே! கடல்கொண்ட நீரும் கறந்தெடுத்த பாலும் காலத்தால் வற்றினும், இந்த ஆர்டிஸின் நன்றி வற்றாது!” பசுக்கள் மெய்மறந்து கேட்டன. பதினேழாம் எண் பசு மட்டும் சாணி போட்டது.

வந்தது சனிக்கிழமை. சமையலறையில் படைத்தலைவி மார்லிஸ் ஹாகன் எழுந்து நின்றாள். காபிக் கூஜா தாங்கும் கையினள், முப்பது பெண்கள் கொண்ட அடுப்படிச் சேனையைக் கண்ணசைவால் நடத்தும் ஆற்றலினள், உருளைக்கிழங்கு மசிக்கும்போது யார் உப்புக் கூட்டினாலும் நாற்பதடி தூரத்தில் அறியும் மூக்கினள்.

“இங்க பாருங்கம்மா” என்றாள் மார்லிஸ். “அவரும் மனுஷன்தான். மீன் திங்க வர்றார். யாரும் போய்ப் பல்லக் காட்டிக்கிட்டு நிக்க வேணாம். பக்கத்து ஊர்ல கவர்னர் பேக்கரிக்கு வந்தப்போ கை தட்டுனாங்களாம். கை! நமக்கு அந்தக் கேவலம் தேவையா?”

“தேவையில்ல” என்றது சேனை.

“அவர் இருக்கிற பக்கமே யாரும் பாக்கக் கூடாது. எந்த டேபிள்ல உக்கார்றாரோ அத நானே பாத்துக்கறேன்.”

இவ்வளவு சொன்ன மார்லிஸின் தலைமுடி மட்டும் அன்று புதிதாய்ச் சுருட்டப்பட்டு, ஒவ்வொரு சுருளும் பொன்வளையமாய் நின்றதேன் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. கேட்டால் வாயில் கரண்டிதான் விழும்.

மேலே தேவாலய இருக்கைகளில், கையில் எண்சீட்டு ஏந்தி, தம் முறை வருமளவும் பசியோடு அமர்ந்திருந்தனர் மாந்தர். எண்ணைக் கூவி அழைக்கும் பணி வெர்லினுடையது. மனைவியின் மனக்கிடக்கை அறிந்த அந்தக் கணவர், முறை வந்து சீட்டை நீட்டிய பெர்னிஸையும் கர்ட்டையும் கண்டதும், “எண்பத்து... எண்பத்து நாலு, எண்பத்தஞ்சு” என்று திக்கினார். பிறகு தம் வாழ்வில் முதன்முறையாக ஒரு சூழ்ச்சி செய்தார். “மூணாம் டேபிள்ல எடம் இருக்கு பெர்னிஸ் அக்கா” என்றார். மூன்றாம் மேசை ஆர்டிஸின் ஆட்சிக்கு உட்பட்டது.

“எனக்கு ஹீட்டர் பக்கம்தான் வேணும்” என்றாள் பெர்னிஸ். ஹீட்டர் பக்கம் ஏழாம் மேசை. ஏழாம் மேசை மார்லிஸின் கோட்டை.

கர்ட் ஓஸ்ட்லி படியிறங்கி வந்தார். அவரைக் கேசம் முதல் பாதம்வரை பாடுவது மரபாதலால் பாடுகிறேன். கேசம்: காதோரம் நரைத்து, திரையில் கண்டதைவிடக் கொஞ்சம் குறைந்து கிடந்தது. கண்: பிராண்டின் கண்ணேதான், ஆனால் களைத்திருந்தது. மேனி: மெல்லிய ஒரு சட்டை, அதன்மேல் அதனினும் மெல்லிய ஒரு ஜாக்கெட், வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினொன்று. பாதம்: சொல்லவே நா கூசுகிறது, கணுக்கால் தெரியும்படியான வெறும் தோல்ஷூ, அதற்குள் காலுறையும் இல்லை. கூடத்தில் இருந்த நூற்று நாற்பது பேரில் ஒருவரும் அவரைத் தலைநிமிர்ந்து பார்க்கவில்லை. அத்தனை பேரும் தம்தம் உருளைக்கிழங்கையே உற்றுநோக்கினர். ஆனால் கணுக்கால் விவகாரம் மட்டும் அரை நிமிடத்தில் கடைசி மேசைவரை போய்விட்டது.

தொடங்கியது போர்.

முதல் நாழிகையில் ஆர்டிஸ் தன் மேசைகள் நான்குக்கும் வெண்ணெய் ஊற்றி முடித்து, ஐந்தில் புகுந்து, ஆறைச் சுற்றிக்கொண்டு, எல்லை கடந்து ஏழின் வாயிலை எட்டினாள். குறுக்கே வந்து நின்றாள் மார்லிஸ். ஒருத்தி கையில் கொதிக்கும் காபி, ஒருத்தி கையில் கொதிக்கும் வெண்ணெய். புன்னகையோ இருவர் முகத்திலும் இம்மியும் குறையவில்லை.

“என்ன ஆர்டிஸ், வழி தவறிட்டியா?”

“இல்ல மார்லிஸ், இந்தப் பக்கம் வெண்ணெய் கம்மியா இருக்கும்னு தோணுச்சு.”

“பாவம், உனக்கு எதுக்குச் சிரமம்? வை, நான் ஊத்திக்கறேன்.”

“உனக்குக் கூஜாவே கனமா இருக்கும்.”

“எனக்குக் கனமே இல்ல.”

இதைவிடக் கொடிய சொற்போர் எங்கள் தேவாலயத்தில் கட்டடத்துக்கு என்ன வண்ணம் பூசுவது என்ற தகராறுக்குப் பின் நடந்ததில்லை. ஆர்டிஸ் பின்வாங்கினாள்; மூன்றாம் மேசைக்குப் போய், ஏற்கனவே வெண்ணெயில் மூழ்கிக் கிடந்த ஒரு கிழவரின் தட்டில் இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

இரண்டாம் நாழிகையில் விதி அவள் பக்கம் திரும்பிப் பார்த்தது. சமையலறையில் லெஃப்சா தீர்ந்துபோயிற்று என்று கூச்சல் கேட்டது. அப்பளம்போல் மெல்லியதாய்த் தேய்த்துச் சுடும் அந்த உருளைக்கிழங்கு ரொட்டி இல்லாமல் விருந்து நடந்தால் இந்த ஊரில் பிறகு தலைகாட்ட முடியாது. மார்லிஸ் கூஜாவை வைத்துவிட்டு ஓடினாள். கோட்டை காவலின்றிக் கிடந்தது. ஆர்டிஸ் எட்டு எடுத்துவைத்தாள், ஏழாம் மேசை சேர்ந்தாள், கர்ட் ஓஸ்ட்லியின் வலத்தோளருகே நின்றாள். ஆறாண்டு நன்றியும் ஆறுநாள் ஒத்திகையும் மடைதிறந்த வெள்ளமாய்த் தொண்டைவரை ஏறி வந்தன.

“வெண்ணெய்?” என்றாள்.

“கொஞ்சம்” என்றார் அவர்.

ஊற்றினாள். கன்றுகளின் காவலரே என்று தொடங்க வாயெடுத்தாள். வாய் திறந்தது, காற்று வந்தது, சொல் வரவில்லை. ஊற்றிக்கொண்டே இருந்தாள். மீன் மூழ்கியது, கிழங்கு தீவாயிற்று, பட்டாணிகள் ஒவ்வொன்றாய் மிதக்கத் தொடங்கின.

“போதும்னு நெனைக்கிறேன்” என்றார் கர்ட், மெதுவாக.

அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். பதினோரு ஆண்டு புகழில் இருந்தவருக்கு அந்த முகம் எதைக் கேட்கிறதென்று தெரியாதா? கலிபோர்னியாவில் பழகிய பழக்கப்படி பளிச்சென்று கேட்டுவிட்டார்: “ஒரு போட்டோ எடுத்துக்கலாமா? உங்களுக்கு விருப்பம்னா.”

கூடத்தில் நூற்று நாற்பது முள்கரண்டிகள் அந்தரத்தில் நின்றன.

“ஐயோ, வேணாங்க” என்றாள் ஆர்டிஸ். “சாப்பிடுற நேரத்துல உங்களுக்கு எதுக்குச் சிரமம்.”

“சிரமமே இல்ல. நெசமா.”

“வேணாம் வேணாம். மீன் ஆறிடும்.”

அவையோரே, இங்கே நம் ஆர்டிஸ் துளியும் பிசகவில்லை என்பதை உரக்கச் சொல்கிறேன். எங்கள் ஊரில் காபி வேண்டுமா என்றாலும் சரி, கடைசி கேக் துண்டு வேண்டுமா என்றாலும் சரி, முதல் முறை வேண்டாம் என்பது மரியாதை. இரண்டாம் முறை வேண்டாம் என்பது முதல் முறை சொன்னதற்கு மரியாதை. மூன்றாம் முறை கேட்டவுடன், “சரி, நீங்க இவ்வளவு தூரம் சொல்றீங்களே” என்று ஏற்றுக்கொள்வது முறைமை. ஆகவே அவள் கெண்டியை மேசைமேல் வைத்தாள். ஏப்ரனில் கையைத் துடைத்தாள். ஒரு மயிரிழையைக் காதுக்குப் பின்னால் தள்ளினாள். மூன்றாம் வேண்டுகோளுக்காக நின்றாள்.

“சரிங்க” என்றார் கர்ட் ஓஸ்ட்லி. குனிந்து மீன் தின்னத் தொடங்கினார்.

ஆ, கலிபோர்னியாவே! வெயிலும் ஆரஞ்சும் விளையும் வஞ்சக பூமியே! எங்கள் மண்ணில் பிறந்த ஒரு பிள்ளையை இருபத்தாறே ஆண்டில் இப்படியா கெடுத்து அனுப்புவாய்? வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே எடுத்துக்கொள்ளும் அந்தப் பேதைமையை எந்தக் கடற்கரையில் அவருக்குக் கற்றுக்கொடுத்தாய்? பெர்னிஸ் பல்லைக் கடித்தாள். பக்கத்து மேசையில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டார். சமையலறை வாசலில் லெஃப்சாத் தட்டோடு நின்ற மார்லிஸே ஒரு கணம் பகைமறந்து, “அடப் பாவமே” என்றாள்.

ஆர்டிஸ் கெண்டியை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தாள். அவள் முதுகு மட்டும் விறைத்திருந்தது, காதுகள் சிவந்திருந்தன. சமையலறைக்குள் போய்ச் சாப்பிட்டு வந்த தட்டுகளைத் தொட்டியில் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள்.

தொட்டிக்கு மேலே, தரைமட்டத்துக்குச் சற்றே உயர்ந்து, ஒரு சன்னல். அதன்வழியே கார் நிறுத்தும் திடலும் போகிறவர் கால்களும் தெரியும். கால்மணி கழித்து ஒரு ஜோடி வெற்றுக் கணுக்கால் அவள் கண்முன்னே கடந்து போயிற்று. அதன்பின் பெர்னிஸின் ரப்பர்பூட்ஸு போயிற்று. ஆர்டிஸின் கையிலிருந்த தட்டு நுரைக்குள் முங்கிற்று. ஆறாண்டாய்க் காத்த அந்த ஒரு சொல், சொல்லப்படாமலே காரேறிப் போகிறது.

அப்போது கேட்டது ஓர் ஓலம். “விர்ர்ர்ர்!” குளிர்கால டயர் பூட்டாத வாடகைக் கார் ஒன்று, பனிக்கரைக்குள் பின்சக்கரம் புதைந்து, இடம்விட்டு அசையாமல் சுழலும் ஓலம்.

இனி வருவதே எம் தலைவியின் உண்மைப் போர். எதிரே மார்லிஸ் இல்லை, கலிபோர்னியா இல்லை. அவள் மனமே அவளுக்கு எதிரி. ‘சிக்கிக் கிடக்கட்டுமே’ என்றது அது. ‘இழுவை லாரிக்கு இன்றைக்குச் சனிக்கிழமை, வர ரெண்டு மணி நேரமாகும். குளிர்தாங்காமல் உள்ளேதான் வருவார். காபி கொடுக்கலாம். மூன்றாம் முறை கேட்டே தீருவார்.’ இனிக்கத்தான் இனித்தது அந்த யோசனை. ஆனால் பனியில் சிக்கிய காரைக் கண்டும் காணாமல் நிற்பது, எங்கள் ஊரில் கொலைக்கு அடுத்தபடி வரும் குற்றம். ஆர்டிஸ் நான்கு நொடி நின்றாள். அந்த நான்கு நொடிக்காகப் பின்னர் நெடுநாள் வெட்கப்பட்டாள்.

கோட்டும் எடுக்கவில்லை, தொப்பியும் எடுக்கவில்லை. கோழிப்பட ஏப்ரன் கொடியாய்ப் பறக்க, ஈரக்கை இரண்டும் ஆவி கக்க, பின்வாசல் படிகளை இரண்டிரண்டாய்த் தாவிக் களம் புகுந்தாள். பனிமேடு அதிர்ந்தது. காகங்கள் கலைந்தன. காரின் பின்னால் போய்க் கால்களை அகட்டி ஊன்றி, இரு கையாலும் அதன் பின்புறத்தைப் பற்றினாள். முட்டுக்கட்டையாய் அடம்பிடித்து நிற்கும் பசுவை வண்டியேற்றிய தோள் அது.

“ஆக்ஸிலேட்டர அமுக்காதீங்க!” என்று கத்தினாள். “முன்னாடி கொஞ்சம், பின்னாடி கொஞ்சம்! தொட்டில் ஆட்ற மாதிரி! அவ சொல்ற வரைக்கும் பொறுங்க!”

“யாரு சொல்ற வரைக்கும்?” என்று கேட்டது சன்னலிலிருந்து ஒரு குரல்.

“காருதான்! அவ முக்கும்போது மட்டும் குடுங்க!”

சக்கரத்தின் ஓலம் அடங்கியது. பிறகு காலமறிந்து, கணமறிந்து, மெல்ல மிதித்தார் அவர். கார் முன்னசைந்தது, பின்னசைந்தது. அவள் அதனோடு அசைந்தாள். அது ஓய்ந்தபோது ஓய்ந்தாள், எழுந்தபோது எழுந்தாள். ஐந்தாம் ஆட்டத்தில் சக்கரம் தரையைப் பற்றிற்று. கரும்பனிச் சேறு பெருமழையாய்ப் பீறிட்டு, தலைமுதல் ஏப்ரன்வரை அவளை அபிஷேகித்தது. விடுபட்ட கார் திடலைக் கடந்து, சாலையில் ஏறி, விரைந்தது. எவரைத் தன்னிடம் நிறுத்திவைக்க ஏங்கினாளோ அவரைத் தன் கையாலேயே தள்ளி அனுப்பிவிட்டு, கண்ணிமையில் சேறு உறைய நின்றாள் ஆர்டிஸ். அழுகை வந்தது; அதுவும் பாதி வழியில் உறைந்தது.

சாலையோரத்தில் கார் நின்றது.

கெட்டித்தரை சேருமுன் நிறுத்தினால் மறுபடி புதையும் என்பதை அந்தக் கணுக்காலார் மறக்கவில்லை போலும். கதவு திறந்தது. உள்ளிருந்து பெர்னிஸின் குரல், தேவாலய மணிக்கும் கேட்கும்படி வந்தது: “ரெண்டு தடவ வேணாம்னா வேணும்னுதான்டா அர்த்தம்! உங்கம்மா உன்ன இப்படியாடா வளத்தா? போடா!” வழுக்கும் தோல்ஷூவோடு, ஐம்பத்தொரு வயது நாயகர், கைகளை இருபுறமும் விரித்துச் சமன்செய்தபடி, தத்தித் தத்தி நடந்து வந்தார்.

“பெரியம்மா திட்றாங்க” என்றார் மூச்சிரைக்க. “மூணாவது தடவ கேக்காமப் போயிட்டேன். மன்னிச்சுக்குங்க. ரொம்ப வருஷமாச்சு. ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?”

இதோ, முறைப்படி மூன்றாம் வேண்டுகோள்! வானோர் பூமாரி பொழிய வேண்டிய தருணம், பொழிந்தது பனித்தூறல். ஏற்றுக்கொள்ள இப்போது ஒரு தடையும் இல்லை. ஆனால் போட்டோவுக்குச் சரி என்றால் போட்டோ எடுப்பார்கள், போட்டோ எடுத்தால் நன்றி சொல்வார்கள், நன்றி சொன்னால் கார் போய்விடும் என்பது ஆர்டிஸுக்குத் தெரிந்தது. போட்டோ அவளுக்கு என்றைக்குமே வேண்டியிருக்கவில்லை. வேண்டியது வேறு. கன்றுகளின் காவலரே, குளம்பைப் பொத்திய குணக்குன்றே என்று பசுக்கள் முன் முழங்கிய அத்தனையும் நெஞ்சில் திரண்டு, உறைந்த உதட்டில் வந்து முட்டிக்கொண்டு நின்றது. தரையைப் பார்த்தாள். தொண்டையைச் செருமினாள்.

“அந்தக் கன்னு,” என்றாள். “கால் மடங்கிக் கெடந்துச்சே.”

“நாலாவது வருஷம்” என்றார் அவர்.

“ஆமா. குளம்பப் பொத்திக்கிட்டு எடுத்தீங்க.”

“ஆமா.”

“மோசமில்ல” என்றாள் ஆர்டிஸ்.

சொல்லிவிட்டாள்! எங்கள் ஊர் நாவில் அதற்குமேல் ஒரு புகழ்ச்சி இல்லை.

கர்ட் ஓஸ்ட்லி அசையவில்லை. பெருநகரங்களில் பட்டுச்சட்டையர் எழுந்து நின்று கைதட்டிக் கூவிய அரங்குகளில் கோப்பைகள் வாங்கியவர் அவர். அங்கெல்லாம் மிகப் பிரமாதம், அற்புதம், அபாரம் என்று கேட்டுக் கேட்டுக் காது மரத்தவர். ஆனால் மாடு வளர்த்து, மாட்டோடு முதுமையடைந்து, மாடு பற்றி ஒருநாளும் பொய் சொல்லியறியாத மண்ணிலிருந்து ஒரு சொல்கூட அவருக்கு இதுவரை வரவில்லை. முகத்தை ஒருபக்கம் திருப்பிக்கொண்டார். ஜாக்கெட் கையால் மூக்கைத் துடைத்தார். கண்ணில் தெரிந்தது குளிராலா என்று நான் சொல்ல மாட்டேன்.

“நெசமாவா?” என்றார்.

“ம்” என்றாள். பிறகு, அதுவும் போதாதென்று தோன்றவே, உயிரையெல்லாம் திரட்டி இன்னொன்றும் சொன்னாள்: “எங்க வீட்டுக்காரர் ஆஸ்பத்திரில இருந்தப்பவும் பாத்தேன். தெனமும்.”

“இப்ப எப்படி இருக்கார்?”

“நம்பர் கூப்பிட்டாரே, அவர்தான்.”

கர்ட் சற்றுநேரம் தேவாலயத்து வாசலையே பார்த்தார். ஒருமுறை தலையசைத்தார். அவளும் தலையசைத்தாள். சேறு படிந்த அவள் கையை எடுத்துத் தம் இரு கைக்குள்ளும் பொத்தி, குளிர் கொஞ்சம் விடுமளவும் வைத்திருந்துவிட்டு விட்டார்.

“ரோடு வழுக்குது” என்றாள் ஆர்டிஸ். “பாத்துப் போங்க.”

“நீங்க உள்ள போங்க, கோட்டு இல்லாம நிக்கறீங்க” என்றார் அவர். தத்தித் தத்தித் திரும்பிப் போனார். கார் புறப்பட்டு, வளைவில் திரும்பி மறைந்தது.

கேளுங்கள் உலகோரே! வென்றாள் ஆர்டிஸ்! மார்லிஸின் கோட்டையையும் கலிபோர்னியாவின் வஞ்சத்தையும் தன் நாவின் பூட்டையும் ஒருநாளில் உடைத்து, சேற்றுக் கவசமும் பனிக்கிரீடமும் தாங்கி, வெற்றித் திருமகளாய்ப் படியிறங்கி அவள் கீழ்க்கூடம் புகுந்தபோது, சன்னலில் நெருக்கியடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்திருந்த முப்பது பெண்களும் அவசர அவசரமாகத் தத்தம் பாத்திரங்களுக்குத் திரும்பி ஒன்றுமறியாதவர்போல் தேய்க்க, மூச்சும் விடாமல் நூற்று நாற்பது பேரும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்க, மார்லிஸ் ஹாகன் தானே முன்வந்து, தன் தோளில் கிடந்த காய்ந்த துண்டை எடுத்து நீட்டி, “என்ன ஆச்சு வெளிய?” என்று கேட்டாள்.

ஒரு கார் மாட்டிக்கொண்டது, தள்ளிவிட்டேன் என்று ஆர்டிஸ் சொன்னாள்.